ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 4060 வரைகலை அட்டைகள்: கரிசல் வட்டாரப் பயன்பாட்டு நோக்கில் ஓர் ஒப்பீடு

ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 4060 ஆகிய இரண்டும் அமெரிக்காவின் என்விடியா நிறுவனம் வடிவமைத்த நடுத்தர விலை வரைகலை அட்டைகள். வரைகலை அட்டை என்பது பேச்சுவழக்கில் கிராபிக்ஸ் கார்டு எனப்படுகிறது. முதலாவது அட்டை 2021 பிப்ரவரி 25 அன்றும், இரண்டாவது 2023 ஜூன் 29 அன்றும் விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவில் அறிமுக விலை முறையே 329 டாலர், 299 டாலர். கணினி விளையாட்டு ஆடுவோர் பயன்படுத்தும் அட்டைகளைப் பற்றி ஸ்டீம் தளம் மாதந்தோறும் வெளியிடும் பட்டியலில் இரண்டும் நெடுநாள் முன்வரிசையில் இருந்து வருகின்றன.

பெயரைப் பார்த்தால் 4060 என்பது 3060-ஐ விட எல்லா வகையிலும் உயர்ந்தது என்றே தோன்றும். விவர அட்டவணை அப்படிச் சொல்லவில்லை. இரண்டரை ஆண்டுகளுக்குள் வந்த புதிய அட்டையில் வேகம் கூடியிருக்கிறது, மின்செலவு குறைந்திருக்கிறது. ஆனால் நினைவகம் 12 ஜிபியிலிருந்து 8 ஜிபியாகச் சுருங்கியிருக்கிறது. இந்தச் சுருக்கம் யாருக்குப் பொருட்டு, யாருக்குப் பொருட்டில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பின்னணி

தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள கோவில்பட்டி, கரிசல் மண் சூழ்ந்த மானாவாரி வட்டாரத்தின் முதன்மையான ஊர்களில் ஒன்று. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. இந்த வறட்சியே சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் வேரூன்ற உதவியது. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாயும் ஊரின் அடையாளம். 1984-இல் தொடங்கப்பட்ட நேஷனல் பொறியியல் கல்லூரி இங்கு உள்ளது. சுற்று வட்டாரக் கிராமங்களில் முதல் தலைமுறையாகக் கணினிப் படிப்புக்கு வரும் மாணவர்கள் பலர்.

மானாவாரி விவசாயமோ தீப்பெட்டி வேலையோ செய்யும் குடும்பத்தில் வரைகலை அட்டை என்பது ஆண்டுதோறும் மாற்றும் பொருளாக இருக்க முடியாது. ஒருமுறை வாங்கினால் கல்லூரிப் படிப்பு முடிந்து வேலைக்குப் போகும் வரையில், ஐந்தாறு ஆண்டுகள் உழைக்க வேண்டும். ஆகவே இன்று எத்தனை வேகம் என்பதோடு, நான்கு ஆண்டு கழித்தும் பயன்படுமா என்பதையும் பார்த்தே வாங்க வேண்டியிருக்கிறது.

விவர அட்டவணை

| விவரம் | ஆர்டிஎக்ஸ் 3060 (12 ஜிபி) | ஆர்டிஎக்ஸ் 4060 |
|---|---|---|
| சில்லு | ஜிஏ106 | ஏடி107 |
| தயாரிப்பு முறை | சாம்சங் 8 நானோமீட்டர் | டிஎஸ்எம்சி 4என் |
| டிரான்சிஸ்டர்கள் | சுமார் 1,200 கோடி | சுமார் 1,890 கோடி |
| சூடா கோர்கள் | 3,584 | 3,072 |
| பூஸ்ட் வேகம் | 1,777 மெகாஹெர்ட்ஸ் | 2,460 மெகாஹெர்ட்ஸ் |
| கணக்குத் திறன் | சுமார் 12.7 டெராபிளாப்ஸ் | சுமார் 15.1 டெராபிளாப்ஸ் |
| நினைவகம் | 12 ஜிபி ஜிடிடிஆர்6 | 8 ஜிபி ஜிடிடிஆர்6 |
| நினைவகப் பாதை | 192 பிட் | 128 பிட் |
| நினைவக வேகம் | நொடிக்கு 360 ஜிபி | நொடிக்கு 272 ஜிபி |
| எல்2 கேஷ் | 3 எம்பி | 24 எம்பி |
| பிசிஐ இணைப்பு | 4.0, 16 தடம் | 4.0, 8 தடம் |
| உச்ச மின்தேவை | 170 வாட் | 115 வாட் |

எண்களைப் படிக்கும் முறை

அட்டவணையில் உள்ள எண்களைத் தனித்தனியாகப் படித்தால் குழப்பமே மிஞ்சும். கோர்கள் 3060-இல் அதிகம், வேகம் 4060-இல் அதிகம். நினைவகப் பாதை 3060-இல் அகலம், கேஷ் 4060-இல் பெரிது. எது எதோடு சேரும் என்பதைத் தீப்பெட்டி ஆலையை வைத்து விளங்கிக்கொள்ளலாம்.

பெட்டியில் குச்சி அடைக்கும் கூடம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். கோர் என்பது அங்கு உட்கார்ந்து வேலை செய்யும் ஆள். மெகாஹெர்ட்ஸ் என்பது அவருடைய கைவேகம். முதல் கூடத்தில் 3,584 பேர். இரண்டாம் கூடத்தில் 3,072 பேர்தான், ஆனால் கைவேகம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். ஆள் எண்ணிக்கையைக் கைவேகத்தால் பெருக்கினால் இரண்டாம் கூடமே முந்துகிறது. கோர் ஒன்று ஒரு துடிப்புக்கு இரண்டு கணக்குகள் செய்யும் என்பதால், 3,584 × 1.777 × 2 என்ற பெருக்கல் 12.7 டெராபிளாப்ஸ் தருகிறது. 3,072 × 2.46 × 2 என்பது 15.1 தருகிறது. அட்டவணையில் உள்ள கணக்குத் திறன் இப்படி வந்ததே.

கை எவ்வளவு வேகமானாலும் குச்சி வந்து சேர வேண்டும். கிடங்கிலிருந்து கூடத்துக்குக் குச்சி வரும் வாசலின் அகலமே நினைவகப் பாதை. 192 பிட் பாதையில் ஒவ்வொரு பிட் தடத்திலும் நொடிக்கு 15 கிகாபிட் வந்தால் மொத்தம் 360 ஜிபி. 128 பிட் பாதையில் 17 கிகாபிட் வந்தால் 272 ஜிபி. 4060-இன் வாசல் குறுகலானது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் 24 எம்பி கேஷ் வைத்திருக்கிறார்கள். அது, ஆளின் பக்கத்திலேயே குவித்து வைத்த குச்சிக் குவியல் போன்றது. அடிக்கடி தேவைப்படும் தரவு அந்தக் குவியலிலேயே இருந்தால் கிடங்கு வரை போக வேண்டியதில்லை.

நினைவகத்தின் அளவோ கிடங்கின் கொள்ளளவு. கிடங்கு நிரம்பிவிட்டால் மிச்சச் சரக்கு ஊருக்கு வெளியே, அதாவது கணினியின் பொது நினைவகத்தில் கிடக்கும். அங்கிருந்து வரும் சாலைதான் பிசிஐ இணைப்பு. அது மிகவும் மெதுவானது.

விளையாட்டிலும் காணொளியிலும் செயல்திறன்

கணினி விளையாட்டுகளில் பெரிய கேஷ் நன்றாகவே ஈடுகொடுக்கிறது. ஒரே காட்சியின் தரவு திரும்பத் திரும்பத் தேவைப்படுவதே காரணம். 1080பி திரையில் 4060 சராசரியாக 20 சதவீதம் வேகம் கூடுதல் என்பது என்விடியாவே அறிமுகத்தின்போது சொன்ன கணக்கு. வெளியார் சோதனைகளும் இதற்கு அருகிலேயே வந்தன.

அதே அறிமுகத்தில் 1.7 மடங்கு என்ற இன்னொரு எண்ணும் விளம்பரப்படுத்தப்பட்டது. அது டிஎல்எஸ்எஸ் 3 தொழில்நுட்பத்தின் பிரேம் உருவாக்கத்தைச் சேர்த்த எண். விளையாட்டு உண்மையில் வரைந்த இரு படங்களுக்கு நடுவே அட்டை தானே ஒரு படத்தை ஊகித்துச் செருகுவதே பிரேம் உருவாக்கம். திரையில் அசைவு வழவழப்பாகத் தெரியும். விசையை அழுத்தியதற்கும் திரையில் விளைவு தெரிவதற்கும் இடையிலான தாமதம் அதனால் குறையாது. செருகிய படத்தையும் வரைந்த படத்தையும் ஒரே எண்ணிக்கையில் சேர்த்து 3060-ஓடு ஒப்பிட்டது முறையான ஒப்பீடு ஆகாது. இந்த வசதி 3060-க்கு வழங்கப்படவும் இல்லை.

நினைவகம் போதாத இடத்தில் நிலைமை தலைகீழாகிறது. 2023-இல் கணினிக்கு வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ போன்ற விளையாட்டுகளில் உயர்தர அமைப்புகளை வைத்தபோது 8 ஜிபி அட்டைகள் திணறியது பரவலாகப் பேசப்பட்டது. படத் தரத்தைக் குறைத்தால் அந்தத் திணறல் நீங்கும். அமைப்பைக் குறைக்கத் தயங்காதவருக்கு இது பெரிய குறையில்லை.

காணொளி வேலையில் 4060-க்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. ஏவி1 என்ற புதிய முறையில் காணொளியைச் சுருக்கும் வன்பொருள் வசதி அதில் இருக்கிறது. 3060 அந்த முறையிலான காணொளியை இயக்கும், ஆனால் உருவாக்காது. யூடியூபில் பாடம், சமையல், நாட்டார் கலை எனப் பதிவேற்றுவோருக்கு இது பயன் தரும். சிவகாசி அச்சகங்களுக்கு நாட்காட்டியும் தீப்பெட்டி லேபிளும் வடிவமைப்பவர்களுக்கோ இவ்விரண்டில் எதுவுமே கட்டாயம் இல்லை. கோரல்டிரா, போட்டோஷாப் போன்றவற்றில் நடக்கும் அன்றாட இருபரிமாண வேலைக்குக் கணினியின் பொது நினைவகத்தைக் கூட்டுவதும் நல்ல திரை வாங்குவதும் அதிகப் பலன் தரும்.

செயற்கை நுண்ணறிவும் தமிழும்

இன்றைய பொறியியல் மாணவர் வரைகலை அட்டை கேட்பதற்குச் செயற்கை நுண்ணறிவுப் பாடமும் ஒரு காரணம். விளையாட்டுச் சோதனைகளை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இங்குதான் ஏமாற்றம் நேரும்.

மொழி மாதிரி என்பது அளவுருக்கள் எனப்படும் எண்களின் பெருந்தொகுப்பு. 700 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரியை, ஒவ்வொன்றுக்கும் 16 பிட் வீதம் ஏற்றினால் 14 ஜிபி ஆகும். இரண்டு அட்டையிலும் கொள்ளாது. 8 பிட்டாகச் சுருக்கினால் 7 ஜிபி, 4 பிட்டாகச் சுருக்கினால் 3.5 ஜிபி. சுருக்கச் சுருக்க விடையின் தரம் கொஞ்சம் குறையும். மாதிரியோடு, உரையாடலை நினைவில் வைத்துக்கொள்ளவும் இடம் வேண்டும். லாமா 2 மாதிரியின் 700 கோடி வடிவத்தில் ஒரு சொல்துண்டுக்கு அரை எம்பி வீதம் 4,096 துண்டுகளுக்கு 2 ஜிபி செலவாகும். 8 பிட் மாதிரியும் இதுவும் சேர்ந்தால் 9 ஜிபி. 3060-இல் இது அடங்கும், 4060-இல் அடங்காது.

தமிழில் இந்த நெருக்கடி இன்னும் கூடுதல். யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் தேவை. ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள் உள்ளன. ஆகவே 15 பைட். ஆங்கிலத்தை முதன்மையாக வைத்துச் செய்த மாதிரிகள் தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாக, சில வேளை பைட் பைட்டாக உடைக்கின்றன. ஒரே செய்தியைத் தமிழில் சொல்ல அதிகச் சொல்துண்டுகள் ஆகின்றன. துண்டு கூடினால் நினைவகமும் நேரமும் கூடுகின்றன. 2023-இல் வெளியான தமிழ்-லாமா மாதிரி, 16,000 தமிழ்ச் சொல்துண்டுகளைப் புதிதாகச் சேர்த்தது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். அதன் 1,300 கோடி அளவுரு வடிவத்தை 4 பிட்டாகச் சுருக்கினாலும் 6.5 ஜிபி. இரண்டாயிரம் துண்டு உரையாடலுக்கு இடம் சேர்த்தால் 8 ஜிபியைத் தாண்டிவிடும்.

வேகத்திலும் 3060 பின்தங்கவில்லை. மொழி மாதிரி ஒவ்வொரு சொல்துண்டை எழுதும்போதும் அளவுருக்கள் அனைத்தையும் ஒருமுறை நினைவகத்திலிருந்து படிக்க வேண்டும். 24 எம்பி கேஷில் 3.5 ஜிபி மாதிரி அடங்காது. எனவே வாசலின் அகலமே வேகத்தைத் தீர்மானிக்கிறது. 360-ஐ 3.5-ஆல் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 102 துண்டுகள், 272-ஐ வகுத்தால் 77. இவை எட்டக்கூடிய மேல்வரம்பு. நடைமுறையில் இரண்டும் இதற்குக் கீழேதான் வரும், ஆனால் பழைய அட்டை முந்துவதற்கான காரணம் இதில் தெளிவு.

எல்லாப் பாடத்துக்கும் 12 ஜிபி தேவை என்பதும் இல்லை. சென்னை ஐஐடியைச் சேர்ந்த ஏஐ4பாரத் 2023-இல் வெளியிட்ட இன்டிக்டிரான்ஸ்2 மொழிபெயர்ப்பு மாதிரி, தமிழ் உட்பட 22 அட்டவணை மொழிகளைக் கையாள்கிறது. அதன் பெரிய வடிவத்துக்கு ஏறத்தாழ 110 கோடி அளவுருக்கள்தான். 16 பிட்டில் 2.2 ஜிபி. இரண்டு அட்டையிலும் தாராளமாக ஓடும். படங்களை வகைப்படுத்துவது போன்ற தொடக்கநிலைப் பயிற்சிகளும் அப்படியே. அவற்றில் கணக்குத் திறன் கூடிய 4060 முந்துவது இயல்பு.

வெயில், தூசி, மின்சாரம்

வரைகலை அட்டைகளைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் சோதிக்கிறார்கள். கோவில்பட்டியில் கோடையில் பகல் வெப்பம் 38, 39 டிகிரியைத் தொடுவது வழக்கம். அறை வெப்பம் எத்தனை டிகிரி கூடுகிறதோ, விசிறி அதே வேகத்தில் சுழலும் வரை அட்டையின் வெப்பமும் ஏறத்தாழ அத்தனை டிகிரி கூடும். 25 டிகிரி அறையில் 70 டிகிரி காட்டும் அட்டை, 38 டிகிரி அறையில் 83-ஐ நெருங்கும். அனுமதிக்கப்பட்ட உச்சம் 3060-க்கு 93, 4060-க்கு 90 டிகிரி. இரண்டுமே வரம்புக்குள்தான் இருக்கும். ஆனால் அட்டை வெளியேற்றும் சூடு அறையில்தான் சேருகிறது. ஓட்டு வீட்டிலோ தகரக் கொட்டகையிலோ மின்விசிறியை நம்பிப் படிப்பவருக்கு 170 வாட்டும் 115 வாட்டும் ஒன்றாகா.

ஆடிக் காற்றில் பறக்கும் கரிசல் தூசி வெப்பத்தடுப்பின் இடுக்குகளை அடைக்கும். காற்றுக் காலம் முடிந்ததும் அட்டையைக் கழற்றித் தூசி தட்டுவது, எந்த அட்டையானாலும் செய்ய வேண்டிய வேலை.

மின்கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு ஆறு மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால், இரண்டு மாதத்தில் 3060 மட்டும் 61.2 யூனிட், 4060 மட்டும் 41.4 யூனிட் எடுக்கும். வித்தியாசம் 19.8 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை. அந்த நூறில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இந்த வித்தியாசம் தின்றுவிடும். ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் விளையாட்டுச் செயல்திறனை மேற்கண்ட 20 சதவீதத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால், 4060 ஏறத்தாழ 1.77 மடங்கு மேல். இந்த ஒரு வரியில் புதிய அட்டையின் வெற்றி ஐயத்துக்கு இடமற்றது.

பழைய கணினியில் பொருத்தும்போது

அலுவலகங்களில் கழித்த கணினியைச் செப்பம் செய்து குறைந்த விலைக்கு வாங்கி, அதில் வரைகலை அட்டையைச் செருகுவது சிறு ஊர்களில் பரவலான வழி. இதில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, மின்வழங்கி. இரண்டு அட்டைகளுக்கும் 550 வாட் மின்வழங்கியை என்விடியா பரிந்துரைக்கிறது. அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் அதில் பாதிதான் இருக்கும். அட்டைக்கான 8 முனை இணைப்பும் இருக்காது.

இரண்டாவது, பிசிஐ இணைப்பு. பழைய பலகைகளில் 3.0 தலைமுறையே உண்டு. 3060 அதில் 16 தடங்களோடு நொடிக்குச் சுமார் 16 ஜிபி பெறும். 4060-க்கு 8 தடங்களே இருப்பதால் பாதிதான் கிடைக்கும். நினைவகம் சிறியது, நிரம்பினால் சரக்கு வரும் சாலையும் குறுகல் என இரட்டை இழப்பு பழைய கணினியில்தான் நேர்கிறது.

மூன்றாவது, பெயர். 2022-இன் இறுதியில் ஆர்டிஎக்ஸ் 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி வடிவம் ஒன்றும் வந்தது. அதன் பாதை 128 பிட், வேகம் நொடிக்கு 240 ஜிபிதான். 12 ஜிபி அட்டையின் நற்பெயரில் விற்கப்படும் வேறொரு பொருள் அது. என்விடியாவுக்கு இது புதிய பழக்கமும் இல்லை. 2018-இல் ஜிடி 1030 அட்டையை ஜிடிடிஆர்5-க்குப் பதில் டிடிஆர்4 நினைவகத்தோடு அதே பெயரில் விற்றது. அதில் நினைவக வேகம் 48 ஜிபியிலிருந்து 16.8 ஜிபியாக விழுந்தது. தனிப் பெயர் சூட்டியிருந்தால் வாங்குபவருக்கு உண்மை தெரிந்திருக்கும். பெட்டியின் மேல் உள்ள பெயரை மட்டும் படிக்கிறவரே இதில் இழக்கிறார். அருகில் விளக்கிச் சொல்ல ஆளில்லாத சிறு ஊர் வாடிக்கையாளருக்கு அந்த இழப்பு அதிகம்.

பழைய 3060 வாங்குவோர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். எதீரியம் நாணயம் 2022 செப்டம்பரில் சுரங்க முறையைக் கைவிட்டதும், அதுவரை இரவு பகலாக ஓடிய அட்டைகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. விசிறி சீராகச் சுழல்கிறதா, அரை மணி நேரம் முழுச் சுமையில் நிற்கிறதா என்று கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குவது நல்லது.

மதிப்பீடு

4060 ஒரு நல்ல சில்லு. 3060-இன் சில்லை விடச் சிறிய பரப்பில் அதிக டிரான்சிஸ்டர்களை அடக்கி, குறைந்த மின்சாரத்தில் அதிக வேலை செய்கிறது. குறை சில்லில் இல்லை, அதோடு சேர்த்து வைத்த நினைவகத்தில் இருக்கிறது. 299 டாலருக்கு 8 ஜிபி என்பது தொழில்நுட்பத்தால் வந்த கட்டாயமும் இல்லை. 2024 டிசம்பரில் இன்டெல் நிறுவனம் ஆர்க் பி580 அட்டையை 12 ஜிபி நினைவகத்தோடு 249 டாலருக்கு அறிமுகப்படுத்தியது. 2025 மே மாதம் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060-உம் 8 ஜிபியோடு நின்றுவிட்டது. என்விடியா அட்டைகளின் சூடா மென்பொருள் கட்டமைப்பை நம்பியே பெரும்பாலான பாடங்களும் நிரல்களும் எழுதப்பட்டிருப்பதால், மாணவரால் எளிதில் வேறு நிறுவனத்துக்கு மாற முடிவதில்லை. அந்தப் பிடிப்பே இந்தக் கஞ்சத்தனத்துக்கு இடம் தருகிறது என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு.

வாங்குபவர் தம் வேலையை வைத்து முடிவு செய்யலாம். விளையாட்டு, காணொளித் தொகுப்பு, முப்பரிமாண உருவாக்கம் ஆகியவை முதன்மை என்றால், கணினியும் புதியது என்றால், வீட்டில் வெக்கையும் மின்கட்டணமும் கவலை என்றால் 4060 பொருத்தமானது. மொழி மாதிரிகளைத் தம் கணினியிலேயே ஓட்டிப் படிக்க விரும்புவோருக்கும், குறிப்பாகத் தமிழ் உரையில் வேலை செய்ய விரும்புவோருக்கும், பழைய பலகையில் செருக வேண்டியவருக்கும் 12 ஜிபி கொண்ட 3060-ஏ தக்கது. வேகம் குறைந்த அட்டையில் வேலை தாமதமாக முடியும். நினைவகம் போதாத அட்டையில் சில வேலைகளைத் தொடங்கவே முடியாது. ஐந்தாறு ஆண்டு உழைக்க வேண்டிய பொருளுக்கு இந்த வேறுபாடு பெரிது.

இரண்டையும் வாங்க இயலாத மாணவர் மனம் தளர வேண்டியதில்லை. கூகுள் கோலாப் தளம், நேரக் கட்டுப்பாட்டோடு, 16 ஜிபி நினைவகம் கொண்ட டி4 அட்டையைக் கட்டணமின்றிப் பயன்படுத்தத் தருகிறது. நல்ல இணைய இணைப்பு இருந்தால் முதல் ஆண்டுப் பாடங்களை அதிலேயே முடிக்கலாம். எந்த வேலைக்கு எவ்வளவு நினைவகம் பிடிக்கிறது என்பதை அங்கு அளந்து பார்த்த பிறகு கடைக்குப் போனால், பெட்டியின் மேல் உள்ள பெயரைத் தாண்டி உள்ளே இருப்பதைக் கேட்டு வாங்க முடியும்.